குடிக்கு அடிமையானவருக்குக் காசு கொடுக்கலாமா?

தெருவில் படுத்திருப்பவருக்கு நீங்கள் தினமும் கொடுக்கும் காசு குடிக்கே போகிறது, எல்லாவற்றையும் நிறுத்திவிடவா என்று கேட்டிருக்கிறீர்கள். காசை மட்டும் நிறுத்துங்கள். சாப்பாடு, தண்ணீர், போர்வை தொடரட்டும். காரணத்தை அவரிடமே சொல்லுங்கள்: "அண்ணே, காசு தரமாட்டேன், சாப்பாடு கண்டிப்பா கொண்டு வருவேன்."

ஆனால் "இன்றே குடியை விடுங்கள்" என்று நெருக்காதீர்கள். வருடக்கணக்கில் தினமும் குடித்த உடம்பு திடீரென நிறுத்தினால் தாங்காது. 6 மணி நேரத்திலேயே கைநடுக்கம், வியர்வை தொடங்கலாம். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 2, 3 நாளில் மனக்குழப்பம், இல்லாத உருவங்கள் தெரிவது. இதில் உயிரே போகலாம். மருத்துவமனையில் தயாமின் என்ற வைட்டமினும் (பி1) வலிப்பைத் தடுக்கும் மருந்தும் கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும். காசை நிறுத்திய நாள்களில் அவர் கைகளைக் கவனியுங்கள். நடுக்கம் கூடினால் உடனே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

போதை மீட்புப் பிரிவில் சேர்க்கை நேரம் என்ன, அடையாள அட்டை வேண்டுமா, உடன் ஆள் இருக்க வேண்டுமா என்று இப்போதே விசாரித்து வையுங்கள். "என்னால முடியல, எங்கயாவது சேர்த்துவிடு" என்று அவரே சொல்லும் மனநிலை சில மணி நேரம்தான் நிற்கும். அப்போது விசாரிக்கத் தொடங்கினால் அந்த வாய்ப்பு கைநழுவிவிடும்.

எழுப்பியும் எழாமல் கிடந்தால், ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். தூங்கித் தெளியட்டும் என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள்.