விழிப்புணர்வு ரிப்பன் போட்ட பொருளை வாங்கினால் பணம் உண்மையிலேயே தொண்டுக்குப் போகிறதா?

போகும். ஆனால் பல சமயம், நீங்கள் வாங்கியதால் போகாது. என்ன சொல்ல வருகிறேன் என்று புரிய தலைவாரும் சீப்பு ஒன்றின் கதையைச் சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சித்திக்கு மார்பகப் புற்றுநோய். மூன்றாவது கீமோ முடிந்த வாரம் அவருக்கு ஒரு பரிசுப் பை வந்தது. அக்டோபர், அதாவது மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம். இளஞ்சிவப்பு ரிப்பன்தான் அதன் அடையாளம். அழகுசாதனம் விற்கும் ஒரு கம்பெனி, சிகிச்சையில் இருந்தவர்களுக்கெல்லாம் மருத்துவமனை வழியாகக் கொடுத்திருந்தது. உள்ளே இளஞ்சிவப்பில் ஒரு தண்ணீர் பாட்டில், ரிப்பன் படம் போட்ட சாவிக்கொத்து, ஒரு நோட்டு, அப்புறம் ஒரு சீப்பு. அன்றைக்குச் சித்தியின் தலையில் ஒரு முடி கிடையாது. சீப்பை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "யாரோ நல்ல மனசோடதான் குடுத்திருப்பாங்க, விடுடா" என்று சொல்லிவிட்டு அலமாரியில் வைத்துவிட்டார்.

எனக்கு விட மனசு வரவில்லை. அதே பாட்டிலைக் கடையிலும் விற்றார்கள். அதன் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில், கண்ணாடி போட்டால்தான் தெரியும் அளவுக்குப் பொடி எழுத்தில் ஒரு வரி: விற்பனை எவ்வளவு ஆனாலும் நிறுவனம் ஒரு குறிப்பிட்ட தொகையை நன்கொடையாக வழங்கும். முதல் முறை படித்தபோது தாராள மனசு என்றுதான் தோன்றியது. மூன்றாவது முறை படித்தபோதுதான் உறைத்தது. நான் பத்து பாட்டில் வாங்கினாலும் தொண்டுக்குப் போவது அதே காசு, ஒன்றுகூட வாங்காவிட்டாலும் அதே காசு. செக் எப்போதோ எழுதியாகிவிட்டது. என் பணம் பாட்டிலுக்கு மட்டும்தான்.

இது ஒரு வகை. இன்னொரு வகையில் 'ஒவ்வொரு பொருளுக்கும் இவ்வளவு' என்று கணக்காகவே சொல்வார்கள், ஆனால் கீழே ஓர் உச்சவரம்பு இருக்கும். விற்பனை அந்த வரம்பைத் தொட்ட அன்றே நன்கொடை நின்றுவிடும். ரிப்பன் நிற்காது. கடை கடையாகப் போய் யாரும் அதை உரித்தெடுப்பதில்லை. 'லாபத்தில் ஒரு பங்கு' என்று போட்டிருந்தால் இன்னும் சிக்கல். எந்த லாபம், விளம்பரச் செலவைக் கழித்ததா கழிக்காததா, பங்கு என்றால் எத்தனை சதவீதம் என்று எதுவும் இருக்காது. கடைசி வகைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது: ரிப்பன் இருக்கும், 'விழிப்புணர்வுக்கு ஆதரவாக' என்ற வாசகமும் இருக்கும், பணம் என்ற பேச்சே இருக்காது. அமெரிக்காவின் சூசன் ஜி. கோமென் என்ற மார்பகப் புற்றுநோய்த் தொண்டு அமைப்பு தனக்கென்று ஒரு ரிப்பன் வடிவத்தைப் பதிவு செய்து வைத்திருக்கிறது. மற்றபடி சாதாரண இளஞ்சிவப்பு ரிப்பனுக்கு அங்கே சொந்தக்காரர் யாரும் இல்லை. யார் வேண்டுமானாலும் எதன் மேல் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்.

எதன் மேல் வேண்டுமானாலும் என்று சும்மா சொல்லவில்லை. 2010-ல் கேஎஃப்சி பொரித்த கோழியை இளஞ்சிவப்பு வாளியில் விற்றது, வாளிக்கு 50 சென்ட் கோமென் அமைப்புக்கு. 2014-ல் பேக்கர் ஹியூஸ் என்ற எண்ணெய்த்துறை நிறுவனம் ஆயிரம் துளைக்கருவி முனைகளுக்கு இளஞ்சிவப்பு பெயின்ட் அடித்து அனுப்பியது, கோமெனுக்கு ஒரு லட்சம் டாலர் கொடுத்தது. எண்ணெய்க் கிணறு தோண்டப் பூமிக்குள் இறங்கும் முனை அது. அங்கே யாருக்கு விழிப்புணர்வு வந்திருக்கும் என்று நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

இந்த ரிப்பன் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தபோதுதான் எனக்குக் கோபம் கொஞ்சம் திசை மாறியது. 1990-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் சார்லட் ஹேலி என்ற பெண்மணி, அறுபதைத் தாண்டியவர், தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ரிப்பன் கட்டினார். அவருடைய பாட்டி, சகோதரி, மகள் மூவருக்கும் மார்பகப் புற்றுநோய். ரிப்பனின் நிறம் பீச், இளஞ்சிவப்பு இல்லை. ஐந்தைந்தாக ஓர் அட்டையில் குத்தி ஊரெல்லாம் கொடுத்தார். அந்த அட்டையில் இருந்த விஷயம் இதுதான்: அமெரிக்க அரசின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆண்டு பட்ஜெட் 180 கோடி டாலர், அதில் 5 சதவீதம்தான் தடுப்புக்குப் போகிறது, இதை அணிந்து நம் சட்டமன்றக்காரர்களை எழுப்ப உதவுங்கள்.

'செல்ஃப்' என்ற பத்திரிகை 1992-ல் எஸ்டே லாடர் என்ற அழகுசாதன நிறுவனத்தோடு சேர்ந்து இதைப் பெரிதாக எடுத்துச் செய்ய நினைத்து அவரைக் கூப்பிட்டது. ரொம்ப வியாபாரமாக இருக்கிறது என்று ஹேலி மறுத்துவிட்டார். பத்திரிகை வக்கீல்களைக் கேட்டது, நிறத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள். இளஞ்சிவப்பு அப்படி வந்ததுதான். அந்த ஆண்டே அழகுசாதன கவுன்டர்களில் 15 லட்சம் ரிப்பன் கொடுத்தார்கள்.

எஸ்டே லாடரை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போகவும் முடியாது. அந்த முயற்சியை முன்னின்று நடத்திய எவ்லின் லாடர் 1993-ல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சி அறக்கட்டளை இன்றைக்கும் விஞ்ஞானிகளுக்கு நிதி கொடுக்கிறது. மார்பில் கட்டி என்று வெளியே சொல்லவே கூசிய காலத்தில் ரிப்பன் அந்தப் பேச்சைச் சகஜமாக்கியது என்பதும் உண்மை. ஆனால் ஹேலியின் அட்டையில் அரசாங்கத்தைப் பார்த்து ஒரு கேள்வி இருந்தது, யாரிடம் எவ்வளவு பணம், எதற்குச் செலவாகிறது என்று. என் சித்தியின் பாட்டிலுக்கு அடியிலும் பொடி எழுத்தில் பணக்கணக்குதான் இருந்தது. அதை எழுதிய நோக்கம் மட்டும் யாரும் கேள்வி கேட்டுவிடக் கூடாது என்பது.

விற்பனையோடு நற்காரியத்தைக் கோத்துவிடும் இந்த வழக்கத்துக்கு ஒரு பிறந்த நாள் சொல்வார்கள். 1983-ல் சுதந்திர தேவி சிலையைப் பழுது பார்ப்பதற்காக, தன் கார்டை ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் ஒரு சென்ட் தருவதாக அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் அறிவித்தது. சிலைக்கு 17 லட்சம் டாலர் கிடைத்தது, கார்டு உபயோகமும் நன்றாகவே ஏறியது. அதற்குப் பிறகு எந்த விற்பனைப் பிரிவும் சும்மா இருக்குமா?

உள்ளே இருந்தும் கொஞ்சம் பார்த்திருக்கிறேன். ஒரு சிறிய தொண்டு அமைப்பின் நடைப்பயணத்துக்கு டி-ஷர்ட் அடிக்கும் வேலை இரண்டு வருடம் என் தலையில் விழுந்தது. நோயைப் பற்றி என்ன வாசகம் போடலாம் என்பது பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. முதுகுப் பக்கம் எந்த ஸ்பான்சரின் லோகோ எத்தனை சென்டிமீட்டர் என்பதற்கு மூன்று வாரம் ஆனது. ஒருவர் ஸ்கேலை வைத்து அளந்து, பக்கத்து லோகோ அரை சென்டிமீட்டர் பெரிது என்று திருப்பி அனுப்பினார். கடைசியில் எங்கள் அமைப்பின் பெயரைத்தான் சுருக்க வேண்டியதாயிற்று. சட்டையில் வருடத்தை அச்சடித்தது என் முட்டாள்தனம். மிச்சமான நாலு அட்டைப்பெட்டியை அடுத்த வருடம் யாரும் சீந்தவில்லை. எல்லாமே டபுள் எக்ஸ்எல் வேறு. அந்தப் பெட்டிகளுக்கு ஆன செலவு நோயாளிகளின் போக்குவரத்துச் செலவுக்கென்று ஒதுக்கியதிலிருந்து போனது. அதைக் கணக்கில் எழுதியது என் கைதான்.

அதற்காகப் பொருள் விற்றுப் பணம் திரட்டுவதே ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். 1904-ல் டென்மார்க்கில் ஐனார் ஹோல்பூல் என்ற அஞ்சல் ஊழியர், காசநோய்க்கு நிதி திரட்ட கிறிஸ்துமஸ் வில்லை ஒன்றைக் கொண்டுவந்தார். பார்க்க அஞ்சல்தலை மாதிரி இருக்கும். ஆனால் அதை ஒட்டினால் கடிதம் போகாது, அசல் தலையைத் தனியாக வாங்கி ஒட்ட வேண்டும். அதனால் வாங்குகிறவருக்கு எந்தக் குழப்பமும் இல்லை. அந்தத் துண்டுக் காகிதத்தால் வேறு உபயோகமே இல்லாததால், கொடுத்த காசு நன்கொடை என்று அவருக்கே தெரியும். சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் புற்றுநோய் அறக்கட்டளைக்காக 2004-ல் வந்த லிவ்ஸ்ட்ராங் மஞ்சள் கைப்பட்டையும் ஏறக்குறைய அந்த ஜாதிதான். ஒரு டாலர், அற்ப ரப்பர், 8 கோடிக்கும் மேல் விற்றது. அதில் வேறொரு சிக்கல்: கைப்பட்டை ஒரு மனிதரோடு ஒட்டிக்கொண்டது. 2012-ல் ஆம்ஸ்ட்ராங்கின் ஊக்கமருந்து விவகாரம் உடைந்ததும் பலர் அதைக் கழற்றிவிட்டார்கள். புற்றுநோயாளிகள் என்ன தப்பு செய்தார்கள்?

'ரெட்' முத்திரை பற்றியும் சொல்ல வேண்டும். பல கம்பெனிகள் தங்கள் பொருளில் அந்த முத்திரையைப் போட்டு விற்று, ஒரு பங்கைக் கொடுக்கும். பாடகர் போனோவும் பாபி ஷ்ரைவர் என்பவரும் 2006-ல் தொடங்கியது, எய்ட்ஸுக்கு எதிரான குளோபல் ஃபண்டுக்காக. அடுத்த வருடமே 'அட்வர்டைசிங் ஏஜ்' பத்திரிகை, விளம்பரத்துக்குப் பத்துக் கோடி டாலர் வரை செலவழித்துத் திரட்டியது ஒரு கோடியே எண்பது லட்சம்தான் என்று எழுதிக் கிழித்தது. அந்தக் கணக்கை ரெட் ஏற்கவில்லை. இன்றுவரை அதன் வழியாகப் போன தொகை 70 கோடி டாலருக்கு மேல். முதல் வருடத்துக் கணக்கை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதியிருந்தால் நான் தப்பாகத்தான் எழுதியிருப்பேன்.

ஆகவே வாங்கப் போகும்போது பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். எந்த அமைப்புக்கு, ஒரு பொருளுக்கு எவ்வளவு, வரம்பு உண்டா, எந்தத் தேதி வரை? 2012-ல் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகமும் கம்பெனிகள் இதையெல்லாம் வெளிப்படையாகப் போட வேண்டும் என்று வழிகாட்டுதல் கொடுத்தது. 'பிங்க் ஆவதற்கு முன் யோசி' என்ற பொருளில் பிரெஸ்ட் கேன்சர் ஆக்‌ஷன் அமைப்பு 2002-ல் கேட்கத் தொடங்கியதும் இதே மாதிரிக் கேள்விகளைத்தான். பதில் பெட்டியில் இல்லை என்றால், பொருள் பிடித்திருந்தால் பொருளுக்காக வாங்கிக்கொள்ளுங்கள், நன்கொடையை அமைப்புக்கு நேராக அனுப்பிவிடுங்கள்.

சித்திக்கு இப்போது முடி நன்றாக வளர்ந்துவிட்டது. அந்தச் சீப்பால்தான் வாருகிறார், பல் இன்னும் ஒன்றுகூட உடையவில்லை. அந்தக் கம்பெனிக்கு நான் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன், அந்தக் 'குறிப்பிட்ட தொகை' எவ்வளவு என்று கேட்டு. இரண்டு நாளில் பதில் வந்தது. உங்கள் அக்கறைக்கு நன்றி என்று ஆரம்பித்தது, தொகையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கீழே அடுத்த வாங்கலுக்குப் பத்து சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் ஒன்று இணைத்திருந்தார்கள்.