பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீடு: தூண்களை விற்கலாமா?

கேள்வி: கானாடுகாத்தான் பக்கம் எங்கள் பாட்டையா 1912ல் கட்டிய வீடு. இப்போது எட்டுப் பங்கு. இருபது வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது, முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்கு மட்டும் திறப்போம். போன மழையில் வளவில், அதாவது நடு முற்றப் பகுதியில், தாழ்வாரத்தின் ஒரு மூலை இறங்கிவிட்டது. ஒரு புரோக்கர் தேக்குத் தூண், கதவு, நிலை எல்லாவற்றையும் மொத்தமாக விலை பேசுகிறார். ‘உங்கள் பங்குக்கு மட்டும் கையெழுத்துப் போடுங்கள், மற்றவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்கிறார். தம்பி முறையுள்ள ஒருவர் ஹோட்டலுக்கு விடலாம் என்கிறார். என்ன செய்வது?

பதில்: தூண்களை விற்காதீர்கள். கையெழுத்தும் போடாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

அந்தத் தூண் அழகுக்காக மட்டும் நிற்கவில்லை. தாழ்வாரக் கூரையின் பாரம் சாய்வாகப் போகும் கைமரத்தில் இறங்கி, அதைத் தாங்கும் உத்தரத்துக்கு வந்து, தூண் வழியாகத்தான் கீழே போகிறது. ஒரு வீட்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பன்னிரண்டு தூண்களையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சவுக்குக் கட்டைகளை முட்டுக் கொடுத்திருந்தார்கள். கருங்கல் பீடங்கள் அப்படியே இருந்தன, ஒவ்வொன்றின் மேலும் ஒரு சவுக்குக் கட்டை. ‘அடுத்த மாதம் கான்கிரீட் தூண் போட்டுத் தருகிறோம்’ என்று சொன்னவர்கள் திரும்பி வரவில்லை. இரண்டு மழையில் கட்டை உளுத்து, நாலு பக்கக் கூரையும் வளவுக்குள் விழுந்தது. அதன் பிறகு அதே ஆள் வேறொருவரை அனுப்பி, ‘இடிந்த வீடுதானே’ என்று மனையை அடிமாட்டு விலைக்குக் கேட்டார். இந்த வியாபாரமே இப்படித்தான் நடக்கிறது: முதலில் தூண், பிறகு கூரை, கடைசியில் மனை.

‘உங்கள் பங்குக்கு மட்டும்’ என்ற பேச்சையும் நம்பாதீர்கள். பாகம் பிரிக்காத வீட்டில் ஒவ்வொரு தூணிலும் எட்டுப் பேருக்கும் பாத்தியம் உண்டு. உங்கள் பங்கை நீங்கள் விற்கலாம். ஆனால் ஒரு கதவைக்கூடத் தனியாகப் பெயர்த்து விற்க முடியாது. வயதான பங்காளிகளிடம் பவர் பத்திரம் எழுதி வாங்குவது புரோக்கர்களின் இன்னொரு வழி. பவரை வைத்துச் சொத்து கைமாறிவிடாது என்று 2011ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனாலும் அந்தக் காகிதத்தைக் காட்டித்தான் வாட்ச்மேனிடம் சாவி வாங்குகிறார்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று இன்றைக்கே விசாரியுங்கள்.

இதையும் அந்தப் புரோக்கரிடம் சொல்லுங்கள். நூறு ஆண்டு கடந்த கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பொருளும் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள்தான். தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. இதைக் கேட்ட பிறகு பாதிப் பேர் போன் எடுப்பதில்லை.

சரி, ஏற்கெனவே ஒரு பங்காளி வெளியாளுக்குப் பங்கை விற்றிருந்தால்? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். பலர் இங்கேதான் பயந்து கையெழுத்துப் போடுகிறார்கள். பங்கை வாங்கிய வெளியாள் குடும்ப வீட்டுக்குள் வந்து உங்களோடு கூட்டாக அனுபவிக்க உரிமை கிடையாது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 44ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அவர் பாகம் கேட்டுத்தான் வழக்குப் போடவேண்டும். அப்படிப் போட்டால், 1893ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4ஆவது பிரிவுப்படி, அவர் வாங்கிய அந்த எட்டில் ஒரு பங்கை நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு நீங்களே வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்கலாம். கேட்பவர் குடும்பத்தில் பங்குள்ளவராக இருந்தால் போதும், எட்டுப் பேரும் சேர்ந்து வரவேண்டியதில்லை. ‘பூட்டிக் கிடக்கிறதே, குடும்ப வீடு என்று எப்படிச் சொல்வது?’ என்று எதிர்த் தரப்பு கேட்கும். தினமும் அங்கே குடியிருக்கவேண்டும் என்பதில்லை. வீட்டை அடியோடு கைவிட்டீர்களா என்பதுதான் கேள்வி. அதனால் படைப்பை விடாதீர்கள். வீட்டு வரி ரசீது, மின் கட்டண ரசீது, கல்யாணப் போட்டோ எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். வழக்கு வரும்போது அந்தப் பைதான் பேசும். சிவில் வக்கீல் ஒருவரைப் பாருங்கள், புரோக்கர் அழைத்து வருபவரை அல்ல.

இப்போது அந்த மூலை. வீடு பழசானதால் இறங்கவில்லை, தண்ணீர் இறங்கியதால் இறங்கியது. இரண்டு பக்கத்து ஓடுகள் சேரும் மூலையில் ஒரு தகரக் கால்வாய் இருக்கும். அது துருப்பிடித்து ஓட்டையானால், தண்ணீர் கைமரத்தோடு வழிந்து சுவருக்குள் போகும். பர்மா தேக்கைக் கரையான் லேசில் தொடாது. ஆனால் சுவருக்குள் புதைந்த நுனி வருடக்கணக்கில் ஈரத்திலேயே இருந்தால் தேக்கும் மக்கும். மக்கிய நுனியை மட்டும் வெட்டி ஒட்டுப் போட நல்ல ஆசாரியால் முடியும். முழு மரத்தையும் மாற்றச் சொல்பவருக்கு உங்கள் பழைய மரத்தின் மேல்தான் கண்.

சிமெண்ட் பூசவே கூடாது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று, சுவர் உப்புப் பூத்துப் பொரிந்து விழும். சுவரில் முளைத்த ஆலஞ்செடியையும் பிடுங்காதீர்கள். வேரோடு செங்கல்லும் வரும். அடியோடு வெட்டி, கட்டைக்கு மருந்து வைத்துக் காயவிடவேண்டும்.

அரசாங்கம் காப்பாற்றாதா என்று பலர் கேட்கிறார்கள். பாரம்பரியக் கட்டடங்களுக்காக ஓர் ஆணையம் அமைக்க 2012லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அது நடைமுறைக்கு வர 2024 ஆகிவிட்டது. பன்னிரண்டு வருடம்! அதற்குள் எத்தனை வீடுகளின் நிலைக்கதவுகள் லாரி ஏறின. செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில், அதாவது உலகப் பாரம்பரியச் சின்னமாகப் பின்னால் முன்மொழியக்கூடிய இடங்களின் பட்டியலில், 2014 முதல் இருக்கின்றன. அந்தப் பட்டியல் ஒரு கூரை ஓட்டைக்கூடக் காப்பாற்றாது. ‘யுனெஸ்கோ லிஸ்ட் சார், யாரும் கைவைக்க முடியாது’ என்று சொல்பவரை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

ஹோட்டல் யோசனை தப்பில்லை. உங்கள் ஊரிலேயே ‘விசாலம்’ ஹோட்டல் இருக்கிறது, காரைக்குடியில் ‘தி பங்களா’ ஹோட்டல் இருக்கிறது. ஆனால் எல்லா வீடும் ஹோட்டலாகாது. வருகிற ஆள் முதலில் கேட்பது கழிவறை எங்கே, கார் எங்கே நிற்கும் என்றுதான். விடுவதானால் எட்டுப் பேரும் கையெழுத்திட்ட, பதிவு செய்த குத்தகையாக இருக்கட்டும். ஒவ்வொரு தூணையும் கதவையும் விளக்கையும் போட்டோ எடுத்து, எண் போட்டு, பத்திரத்தோடு இணையுங்கள். இந்தப் பட்டியல் இல்லாமல் சாவி கொடுத்த வீட்டில், நாலு வருடம் கழித்துப் பெல்ஜியம் கண்ணாடிகள் இருந்த இடத்தில் வெறும் ஆணிகள்தான் இருந்தன.

ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை போய்விட்டு வாருங்கள். எட்டுப் பேரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, தகரக் கால்வாயை மாற்றி, உடைந்த ஓடுகளை மாற்றினால் இந்த வருடத்துக்குப் போதும். இறங்கிய மூலைக்கு ஆசாரி வரும்வரை இரும்பு முட்டுக் கொடுத்து வையுங்கள். வளவு முற்றத்தின் மூலையில் தண்ணீர் வெளியேறும் துவாரம் ஒன்று இருக்கும், வேப்பிலையும் மண்ணும் அடைத்திருக்கும். ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தேங்கி நின்றால் அன்றைக்கே ஆள் வைத்துத் தோண்டச் சொல்லுங்கள்.