கைக்கும் காலுக்கும் ஒரே அமர்வில்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தனியாளாக ஒரு சிறிய அழகு நிலையம் நடத்திவருகிறேன். மெனிக்யூர், பெடிக்யூர் இரண்டையும் சேர்த்துக் கேட்பவர்களுக்கு முதலில் கைகளை பாலிஷ் வரை முடித்துவிட்டு, அதன் பிறகே கால்களுக்கு வருகிறேன். எப்படியும் இரண்டு மணி நேரம் ஆகிவிடுகிறது. அதற்குள் கை நகங்களின் பாலிஷும் எங்காவது பட்டுக் கலைந்துவிடுகிறது. வேகமாகச் செய்ய வழி உண்டா?

பதில்: உங்கள் கைவேகத்தில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, வேலையை அடுக்கியிருக்கும் விதத்தில்தான் நேரம் போகிறது. கால்கள் ஊறுவது, குதிகாலின் தடித்த தோல் மென்மையாவது, பாலிஷ் உலர்வது என்று பெடிக்யூரில் நாம் வெறுமனே காத்திருக்கும் பொழுதுகள் பல உண்டு. கைகளுக்கான வேலையை அந்த இடைவெளிகளுக்குள் கொண்டுவந்துவிட்டால், எந்தப் படியையும் அவசரப்படுத்தாமலேயே ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

வாடிக்கையாளர் கை கழுவி வந்து அமர்ந்ததும் கை, கால் இரண்டையும் பார்த்துவிட்டு, இருபது நகங்களிலும் உள்ள பழைய பாலிஷை ஒரே மூச்சில் எடுத்துவிடுங்கள். நகம் வெட்டுவதையும் ஃபைல் செய்வதையும் தண்ணீர் படுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். ஊறிய நகம் நெகிழ்ந்திருப்பதால் ஃபைல் படும்போது ஓரத்தில் பிசிறடித்து, ஏடு ஏடாகப் பிரியக்கூடும். கால் நகங்களை நேராகவே வெட்ட வேண்டும். மூலைகளை உள்வாங்கி வெட்டினால் நகம் சதைக்குள் வளர வழி செய்துகொடுத்தவர்களாவோம்.

இதன் பின் கால்களை 37 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரையிலான வெந்நீரில் வைத்துவிட்டு, அவை ஊறும் ஐந்தாறு நிமிடங்களில் கை விரல்களுக்கு க்யூட்டிக்கிள் ரிமூவர் (நகத்தில் ஒட்டிய தோலை இளக்கும் திரவம்) தடவி, நகத்தின் மேல் ஒட்டியிருக்கும் இறந்த தோலை மட்டும் மெதுவாகத் தள்ளி எடுங்கள். நகம் தொடங்கும் இடத்தில் உள்ள உயிருள்ள தோல் மடிப்பை வெட்ட வேண்டாம். கிருமி உள்ளே போகாமல் காப்பது அதுதான். கைகளைக் கிண்ணத்தில் ஊறவைக்கும் பழக்கத்தை நான் விட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. நீரை உறிஞ்சிச் சற்றே விரிந்த நகம் உலரும்போது சுருங்குவதால், மேலே பூசிய பாலிஷ் சீக்கிரம் பெயர்ந்துவிடுகிறது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டே போதும். கைகளுக்கு ஸ்க்ரப்பும் மசாஜும் முடித்து, கிரீம் தடவி, உலர்ந்த துண்டால் சுற்றிவிட்டுக் கால்களுக்கு வாருங்கள்.

கால்களைத் துடைத்து இரண்டு குதிகால்களிலும் தோல் மென்மையாக்கும் திரவத்தைத் தடவுங்கள். புட்டியில் சொல்லியிருக்கும் நேரம் முடிவதற்குள் கால் விரல்களின் க்யூட்டிக்கிள் வேலை முடிந்திருக்கும். திரவத்தைத் துடைத்தெடுத்துக் குதிகாலைத் தேய்த்து, கழுவி, மசாஜும் செய்துவிட்டால் எஞ்சுவது பாலிஷ் மட்டுமே. இந்த இடத்தில் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, சோப்பால் கை கழுவிப் புதிய கையுறை அணியுங்கள். மசாஜ் எண்ணெயின் பிசுக்கு இருக்கும் நகத்தில் பாலிஷ் பிடிக்காதாகையால், இருபது நகங்களையும் பாலிஷ் ரிமூவர் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டுக் கால்களுக்கு முதலிலும் கைகளுக்குப் பிறகும் பூசுங்கள். கைகளுக்குப் பூசி முடிப்பதற்குள் கால் நகங்கள் பாதி உலர்ந்திருக்கும். பூச்சு மெல்லியதாக இருக்கட்டும். தடித்த ஒரு பூச்சைவிட மெல்லிய இரண்டு சீக்கிரம் உலரும்.

பாலிஷ் புட்டியைத் திறக்கும் முன்பே பணம் கொடுப்பது, கைப்பேசியை வெளியே எடுத்து வைப்பது, விரல் மூடாத செருப்பை மாட்டுவது எல்லாம் முடிந்திருக்க வேண்டும். ஒரு முறை பத்து விரலுக்கும் பூசி நான் நிமிர்ந்த கணத்தில், வாடிக்கையாளரின் கைப்பையின் அடியாழத்தில் கைப்பேசி மணி அடித்தது. அவர் துழாவி எடுத்தார். மூன்று விரல்களின் பாலிஷ் பையின் உள்துணியில் ஒட்டிக்கொண்டது. அழித்துப் பூசிய கால் மணி நேரம் என் கணக்கில்தான் போயிற்று.

கேள்வி: கால், கை இரண்டும் ஒரே நபருடையவைதானே? ஒரே கருவிகளையே இரண்டுக்கும் பயன்படுத்தினால் என்ன?

பதில்: கூடாது. கால் நகத்துப் பூஞ்சைத் தொற்று அதே நபரின் கை நகத்துக்கும் பரவும். தொடக்க நிலையில் அது நம் கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம். கைக்கு ஒரு தட்டு, காலுக்கு ஒரு தட்டு என்று பிரித்து, துண்டுகளையும் தனித்தனியே வையுங்கள். உலோகக் கருவிகளை முதலில் சோப்பு நீரில் தேய்த்துக் கழுவிய பிறகே கிருமிநாசினியில் மூழ்கவைக்க வேண்டும். அழுக்கு இருந்தால் மருந்து வேலை செய்யாது. அட்டை ஃபைல், மரக்குச்சி ஆகியவற்றை முழுமையாகச் சுத்தம் செய்ய முடியாதென்பதால் ஒருவருக்குப் பின் அவை குப்பைக்குத்தான்.

தொட்டியில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். 2000ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் ஓர் அழகு நிலையத்தில், சுழல்நீர்த் தொட்டியில் கால் நனைத்த நூற்றுக்கும் மேற்பட்டோருக்குக் கால்களில் கொப்புளங்கள் கிளம்பின. தண்ணீரை உறிஞ்சும் வலைக்குப் பின்னால் முடியும் தோல் துகளும் சேர்ந்திருந்த இடத்தில் மைக்கோபாக்டீரியம் வகைக் கிருமி வளர்ந்திருந்தது தெரியவந்தது. பெடிக்யூருக்கு முன்பு கால் முடியை மழித்துக்கொண்டு வந்தவர்களிடையே தொற்று கூடுதலாக இருந்தது. ஒவ்வொருவருக்குப் பின்னும் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, கிருமிநாசினியை அதன் புட்டியில் குறித்துள்ள நேரம், பெரும்பாலும் பத்து நிமிடம், முழுமையாக நிற்கவிடுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் கை வைக்காமல் நேரம் மிச்சப்படுத்த வேண்டுமானால், குழாய்கள் இல்லாத சாதாரணத் தொட்டிகள் இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதே வழி.

கேள்வி: குதிகால் தோலை பிளேடால் சீவினால் வேலை சீக்கிரம் முடிகிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கும் அப்படிச் செய்யலாமா?

பதில்: யாருக்குமே பிளேடு வேண்டாம். நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். வெட்டுப்பட்டாலும் வெந்நீர் சுட்டாலும் அவர்களுக்குத் தெரியாமல் போகும், புண் ஆறவும் நாளாகும். தண்ணீரின் சூட்டை அவரிடம் கேட்காமல் வெப்பமானியால் பாருங்கள். பாதத்தில் புண்ணோ வெடிப்பில் இரத்தக் கசிவோ தென்பட்டால் அன்றைக்குக் கைகளுக்கு மட்டும் செய்து, மருத்துவரிடம் காட்டச் சொல்லி அனுப்புங்கள்.