பதில்: ட்ராக்பேட் கர்சர் தானா குதிக்குது, என்ன பண்றது?

தம்பி, ப்ளூடூத் ட்ராக்பேட்ல கர்சர் குதிக்குது, பேட்டரி மாத்தியும் அப்படியேதான்னு எழுதியிருக்கீங்க, ஹார்ட் டிஸ்க் சொருகுனா இன்னும் மோசம்னு கடைசில ஒரு வரி போட்டீங்க பாருங்க, அங்கதான் விஷயமே இருக்கு. ப்ளூடூத் ஓடுறது 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைவரிசைல, யூஎஸ்பி 3.0 டிஸ்க்கும் கேபிளும் அதே அலைவரிசைல இரைச்சல் கிளப்பும், சிக்னல் அமுங்கிடும். சுங்கை சிப்புட்ல எங்க வீட்டுலயும் இதேதான், ரெண்டு வாரம் மண்டைய ஒடச்சிக்கிட்டேன்.

டிஸ்க்க கழட்டிட்டு பத்து நிமிஷம் ஓட்டிப் பாருங்க. சரியாச்சுன்னா நல்ல தடிச்ச கேபிளா ஒரு மீட்டர் வாங்கி டிஸ்க்க தள்ளி வைங்க, பாசார் மாலாம்ல, அதான் ராத்திரி சந்தைல, விக்கிற மலிவு கேபிள் மட்டும் வேணவே வேணாம். வைஃபை 2.4ல ஓடுனா அதுவும் இடைஞ்சல்தான், அதையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்திடுங்க.

அப்பவும் குதிச்சா ஈரம்தான்னு நான் நினைக்கிறேன், நம்ம பக்கம் சாயங்கால மழைக்கு முன்னாடி அடிக்கிற புழுக்கத்துல கை வேர்த்துக் கொட்டும், விரல் பட்டா ட்ராக்பேட்ல இருக்குற மின்புலம் மாறுறத வச்சித்தானே அது விரல் இருக்குற இடத்த கண்டுபிடிக்குது, தண்ணி பட்டா கொழம்பிடும். காஞ்ச துணியால தொடச்சிட்டு பாருங்க.

கம்ப்யூட்டர பார்மட் பண்ணச் சொன்னவங்க பேச்ச கேக்காதீங்க தம்பி, அசைன்மென்ட் எல்லாம் அதுலதான் இருக்குன்னு வேற சொல்றீங்க, மொதல்ல அத பேக்கப் எடுத்து வைங்க.