காவல் நாய் விளையாட்டு: கிளப் நடத்துவோர் கேட்ட கேள்விகள்

மோப்பத் தடம், கீழ்ப்படிதல், பாதுகாப்பு என்று மூன்று பகுதியாக நாயைச் சோதிக்கும் விளையாட்டுதான் ஐஜிபி. அந்தக் கிளப்களில் வரும் சிக்கல்கள் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். 2019-க்கு முன் ஐபிஓ, அதற்கும் முன்னால் ஷுட்ஸ்ஹுண்ட் என்று இதற்குப் பெயர். நாய் கடிப்பதற்கான தடித்த கைக்காப்புதான் ஸ்லீவ். அதை மாட்டிக்கொண்டு நாயின் பாய்ச்சலை ஏற்பதை 'நாயை வாங்குவது' என்போம், அதைச் செய்பவர் ஹெல்பர். பதினெட்டு வருடம் அப்படி நாய்களை வாங்கியவன் நான். இப்போது புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

கேள்வி: அண்ணா, எங்களிடம் இருந்த ஒரே ஹெல்பர் முழங்கால் போய் விலகிவிட்டார். மூன்று மாதமாகப் பாதுகாப்புப் பயிற்சியே நடக்கவில்லை. வெளியூரிலிருந்து ஆள் கூப்பிடலாமா?

கூப்பிடுங்கள் தம்பி. ஆனால் அவர் வரும் நாளில் உங்கள் ஆட்கள் இரண்டு பேர் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள வேண்டும். நான் பார்த்தவரை கிளப்கள் பெரும்பாலும் பணமில்லாமல் மூடப்படுவதில்லை, ஹெல்பர் இல்லாமல்தான் மூடப்படுகின்றன. பல வருடம் ஒருவர் தோளிலேயே எல்லா நாயையும் ஏற்றிவிட்டு, அவர் விழுந்தபின் தேடக் கிளம்புகிறோம்.

முழு வேகத்தில் ஓடிவரும் நாயை வாங்குவது வீரம் காட்டும் வேலை இல்லை. ஸ்லீவ் மார்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பல் பதிகிற கணத்தில் கையை இளக்கி, நாய் வரும் திசையிலேயே உடம்பைத் திருப்ப வேண்டும். அப்போது அதன் வேகம் உங்களைச் சுற்றிக் கரைந்து, நாய் நாலு காலில் இறங்கும். தூண் மாதிரி விறைத்து நின்றால் அந்த அடி முழுவதும் நாயின் கழுத்துக்கும் உங்கள் தோளுக்கும்தான். இதைக் கற்க முதல் சில வாரம் நாயே வேண்டாம். ஸ்லீவில் ஒரு வார் கட்டி இன்னொருவர் இழுக்கட்டும், பயில்பவர் கால் வைப்பதை மட்டும் பழகட்டும். பிறகு, வாய் நிறையக் கவ்வி அமைதியாகப் பிடிக்கும் அனுபவமுள்ள நாயைக் கொடுங்கள். அந்த நாய் அவருக்குக் கற்றுக்கொடுக்கும். புது ஹெல்பரிடம் இளம் நாயைக் கொடுத்து இரண்டையும் கெடுத்துவிடாதீர்கள்.

இன்னொன்று: ஒரு நாளைக்கு ஒருவர் எத்தனை நாய் வாங்கலாம் என்று வரம்பு வையுங்கள். "என் நாய் மட்டும் பாக்கி" என்று கடைசியில் கெஞ்சுபவருக்கும் அதே வரம்புதான். களைத்த கால்தான் முதலில் பிசகும்.

கேள்வி: புதியவர்கள் ஆர்வமாக வருகிறார்கள், நாலு வாரத்தில் காணாமல் போகிறார்கள். ஏன் அக்கறை இல்லை?

அவர்கள் கடியைப் பார்க்க வருகிறார்கள், நாம் களத்தோரத்தில் மூன்று மணி நேரம் காக்க வைக்கிறோம். அக்கறை எங்கிருந்து வரும்? முதலில் பிஎச் என்ற கீழ்ப்படிதல், பொது இட நடத்தைத் தேர்வு. அதைத் தேறினால்தான் முதல் நிலையான ஐஜிபி 1, அதற்கும் நாய்க்குப் பதினெட்டு மாதம் ஆகியிருக்க வேண்டும். இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். வந்தவர் கையில் ஒரு வேலையும் கொடுங்கள்: ஹெல்பர் ஒளிந்து நிற்கும் மறைவிடத் தடுப்புகளை நிறுத்துவது, அடுத்த நாயைத் தயாராக நிற்க வைப்பது. மூத்த உறுப்பினர் ஒருவர் அவர் பக்கத்தில் நின்று, களத்தில் நடப்பதை விளக்கட்டும். தன் நாய் முடிந்ததும் வண்டியைக் கிளப்பும் பழைய உறுப்பினர்தான் எனக்குப் பெரிய கவலை.

கேள்வி: மோப்பத் தடத்துக்கு நிலமே கிடைப்பதில்லை.

தடம் என்பது ஒருவர் நடந்துபோன வழி, நாய் அதை மோந்து தொடர வேண்டும். மேல்நிலையான ஐஜிபி 3-க்குத் தடம் சுமார் 600 அடிவைப்பு நீளம், வேற்றாள் போட்டது, போட்டு ஒரு மணி நேரம் ஆனது. ஐந்து நாய் என்றால் ஐந்து தடம், ஒன்றையொன்று வெட்டக் கூடாது. இவ்வளவு நிலத்துக்கு உழவர்களின் தயவு வேண்டும். விதைத்த வயலில் கேட்காமல் ஒரு முறை கால் வைத்தாலும் அந்த வாசல் அடைபடும். அறுவடை முடிந்ததும் நேரில் போய்க் கேளுங்கள், நாய்க் கழிவை அள்ளிவிடுங்கள்.

கேள்வி: "கடிநாய் வளர்க்கும் கூட்டம்" என்று அக்கம்பக்கத்தார் புகார் கொடுக்கிறார்கள்.

குரைப்பும் சாட்டைச் சத்தமும் கேட்டால் யாருக்கும் பயம் வரும். அவர்களை அழைத்து, நாய் பிடியை விடுவதைக் காட்டுங்கள். தேர்வில் சொன்னதும் விடாவிட்டால் நடுவர் அனுமதியோடு இன்னும் இரண்டு முறைதான் சொல்லலாம். அப்போதும் விடாத நாய் தகுதி இழக்கும். கடிப்பதைவிட விடுவதுதான் கடினம் என்பதைக் கண்ணால் பார்த்தால் புரிந்துகொள்வார்கள். பயிற்சி நேரத்தையும் எழுதி ஒட்டுங்கள். ஆனால் கட்டுக்கடங்காத நாயையும் உரிமையாளரையும் சேர்த்துக்கொண்டால், எத்தனை விளக்கமும் உங்களைக் காப்பாற்றாது.

கேள்வி: முள் பட்டை (உள்பக்கம் முனைகள் கொண்ட கழுத்துப் பட்டை) இல்லாமல் பயிற்சி நடக்காது என்று எங்கள் மூத்தவர்கள் சண்டைக்கு வருகிறார்கள் ஐயா.

இந்த விளையாட்டு பிறந்த ஜெர்மனியிலேயே 2022 ஜனவரி 1 முதல் பயிற்சியில் முள் பட்டைக்குத் தடை. அங்கே கிளப்கள் நடக்கத்தான் செய்கின்றன. நாய் பிடியை விட வேண்டும் என்று நானும் ஒரு காலத்தில் அதை மாட்டியவன்தான். ஆனால் பிடியை விட்ட உடனே மறுபடி கடிக்கக் கிடைக்கும் என்று நாய்க்குத் தெரிந்தால் அது வேகமாக விடுகிறது. மூத்தவர்களிடம் வாதாட வேண்டாம், ஓர் இளம் நாயை அப்படி வளர்த்துக் காட்டுங்கள்.

கேள்வி: நாங்கள் ஆறு பேர்தான். சொந்தமாகத் தேர்வு நடத்த முடியுமா?

பக்கத்துக் கிளப்போடு சேர்ந்து நடத்துங்கள். நடுவர், தடம் போடுபவர், ஹெல்பர், 180 செ.மீ. சாய்வுச் சுவர், ஆறு மறைவிடம், இத்தனையையும் ஆறு பேர் சுமந்தால் யாரும் தன் நாயோடு களம் இறங்க முடியாது. பழைய மனத்தாங்கல் இருந்தால் நீங்களே முதலில் போன் செய்யுங்கள். அவர்களிடமும் ஹெல்பர் பயிலும் ஒருவர் இருப்பார், உங்கள் ஆளோடு மாதம் ஒரு நாள் சேர்ந்து பழகட்டும்.