முள் சூடானால் பாட்டு இனிக்குமா?

வணக்கம். என் டர்ன்டேபிளில் முதல் பாட்டு எப்போதும் விறைப்பாக, ட்ரெபிள் குத்துவது போலக் கேட்கிறது. இரண்டாவது இசைத்தட்டு போடுவதற்குள் எல்லாம் இளகிவிடுகிறது. கார்ட்ரிட்ஜ் (முள்ளைத் தாங்கி, அதன் அசைவை மின்சாரமாக்கும் சின்னப் பெட்டி) சூடாக வேண்டும், அதற்குப் பிறகுதான் நன்றாகப் பாடும் என்கிறார் நண்பர். உண்மையா, என் பிரமையா?
ரா.

அன்புள்ள ரா.,

நண்பர் சொல்வதில் விஷயம் இருக்கிறது, ஆனால் பாதிதான். கான்டிலீவரை, அதாவது முள்ளை நுனியில் தாங்கும் மெல்லிய தண்டைப் பிடித்திருக்கும் அந்தக் குட்டி ரப்பர் இருக்கிறதே, முள் எவ்வளவு அசையலாம், அசைந்தபின் எப்படி அடங்க வேண்டும் என்பதெல்லாம் அதன் கையில். குளிரில் அது விறைக்கும். விறைத்தால் பள்ளத்தின் நெளிவுகளோடு ஓட முள் திணறும், பாடகரின் 'ஸ' எல்லாம் பிசிறடிக்கும். அறை 20 டிகிரிக்குக் கீழே போனால் இதைக் காதிலேயே பிடிக்கலாம்.

சரி, அதைச் சூடாக்குவது எது? மின்சாரம் இல்லை. மூவிங் மேக்னட் (முள்ளோடு குட்டிக் காந்தம் அசையும்) வகை கார்ட்ரிட்ஜ் தருவது 5 மில்லிவோல்ட் அளவில். 47 கிலோ ஓம் சுமையில் கணக்குப் போட்டால் வருவது ஒரு வாட்டை நூறு கோடியாகப் பிரித்து அதில் ஒரு பங்கின் பாதி. முள் உரசுகிற இடத்தில் சூடு உண்டு, ஆனால் அது நுனியளவு சமாச்சாரம். ஆக ரப்பரின் வெப்பத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அறைதான். (ஒருமுறை மேசைவிளக்கைச் சாய்த்துவைத்துச் சூடாக்கிப் பார்த்தேன். கார்ட்ரிட்ஜுக்கு ஒன்றும் ஆகவில்லை, தட்டு வளைந்துவிட்டது.)

இன்னொன்று, முதல் பாட்டு இருப்பது தட்டின் வெளி ஓரத்தில். அங்கே பள்ளம் முள்ளுக்கு அடியில் நொடிக்கு சுமார் 50 சென்டிமீட்டர் ஓடுகிறது, கடைசிப் பாட்டில் அது 20 சொச்சம். அதாவது முதல் பாட்டுதான் சுத்தமாகக் கேட்க வேண்டியது! அதுவே குத்துகிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது ஃபோனோ ப்ரீஆம்பை, அதாவது கார்ட்ரிட்ஜின் மெல்லிய மின்சாரத்தை முதலில் பெருக்கும் கருவியை. அதிலும் சூடேற நேரமெடுக்கும் வால்வு (கண்ணாடிக் குழாய்) வைத்ததென்றால் கேட்கவே வேண்டாம். அப்புறம் உங்கள் காதை. எந்த ஒலிக்கும் பத்து நிமிஷத்தில் பழகிவிடுகிற உறுப்பு அது.

ஒன்று செய்யுங்கள். ப்ரீஆம்பை மட்டும் அரை மணி நேரம் முன்னாலேயே போட்டுவிடுங்கள், முள்ளைத் தொடாதீர்கள். அதன்பின் முதல் பாட்டு குத்தவில்லை என்றால் கார்ட்ரிட்ஜ் நிரபராதி. அப்படியும் குத்தினால் அந்தப் பாட்டைப் பதிவுசெய்யுங்கள், ஒரு மணி நேரம் வேறு தட்டுகள் ஓடியபின் அதையே திரும்பப் பதிவுசெய்து, இரண்டின் சத்தத்தையும் சமமாக்கி, எது எதென்று தெரியாமல் போட்டுக்காட்டச் சொல்லுங்கள். போடுகிறவர் அந்த நண்பராகவே இருக்கட்டும்.