சபைக் கதவைச் சாத்தினால் எதைக் கேட்கலாம்? – கேள்வி பதில்

கடைக்காரர் ஒருவர்: அண்ணே, சந்தைக் கடை வழக்கைப் பற்றிப் பேசவேண்டும் என்று பிரதேச சபைக் கூட்டத்திலிருந்து எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். இது முறையா?

வழக்கு நடக்கும்போது "இந்த இடத்தில் நம் பக்கம் பலவீனம்" என்று சபையின் சட்டத்தரணி சொல்வதை எதிர்த்தரப்பு கேட்டுவிட்டால், நட்டம் உங்கள் வரிப்பணத்துக்குத்தான். அந்தப் பேச்சுக்குக் கதவைச் சாத்தட்டும். பேசி முடிந்ததும் திறக்கவேண்டும். எடுத்த முடிவு கூட்டக் குறிப்பில் ஏறவேண்டும். சட்ட ஆலோசனை என்று சொல்லிச் சாத்திவிட்டு, கடை யாருக்கு என்பதையும் உள்ளேயே பேசி முடிப்பதுதான் கோளாறு.

தோட்டத்து இளைஞர்: தகவலறியும் உரிமைச் சட்டத்தில் அந்த ஆலோசனைக் கடிதத்தைக் கேட்கலாமா?

கேட்கலாம் தம்பி, கிடைப்பது கஷ்டம். இலங்கையின் தகவலறியும் உரிமைச் சட்டமான 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, வெளியிடக்கூடாது என்று வேறு சட்டம் தடுக்கும், சட்டத்தரணி போன்ற தொழில்வாண்மையாளர் கடிதங்களுக்கும் சட்டமா அதிபரோடு நடக்கும் கடிதப் போக்குவரத்துக்கும் விலக்குத் தருகிறது. ஆனால் வெளியிடுவதால் வரும் தீங்கைவிடப் பொதுநலன் பெரிதென்றால் மறுக்க முடியாது என்றும் அதே பிரிவே சொல்கிறது. மறைக்கவேண்டிய பகுதியை நீக்கிவிட்டு மிச்சத்தைத் தரவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதனால் கடிதத்தோடு மல்லுக்கட்டாமல் தீர்மானம், சமரசத் தொகை, சட்டத்தரணிக்குக் கொடுத்த கட்டணம் ஆகியவற்றைக் கேளுங்கள். இவை ஆலோசனை இல்லை, சபைக் கணக்கு.

ஓர் ஆசிரியை: எவ்வளவு நாள் காத்திருப்பது?

14 வேலை நாளுக்குள் தகவல் உத்தியோகத்தர் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அப்புறம் இரண்டு மாதத்துக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவிடம் மேன்முறையீடு. தமிழிலேயே எழுதலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை.

லயத்து அக்கா ஒருவர்: தோட்டப் பாதைக்குச் சபைக் காசு செலவழிக்க முடியாதென்று சட்ட ஆலோசனை வந்திருக்கிறதாம். காட்டமாட்டேன் என்கிறார்கள்.

அக்கா, அந்தக் கடிதத்தின் திகதியை மட்டும் கேளுங்கள். திகதியில் என்ன ரகசியம்? 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்கு வேலை செய்யத் தடையாக இருந்தது. 2018இல் அதைத் திருத்திவிட்டார்கள். கடிதம் அதற்கு முந்தியது என்றால், திருத்தச் சட்டத்தின் பிரதியை இணைத்துத் தவிசாளருக்கே எழுதுங்கள். உங்கள் வட்டார உறுப்பினருக்கும் ஒரு பிரதி.